கோசி என்றால் ஞாயிறு

ஒன்பதரைக்குத்தான் அழைப்பு.
ஏழு நாற்பதுக்கே வந்துவிட்டோம்.
ஒமாஹாவில் பனி கரைந்து
கார் நிறுத்துமிடமெல்லாம் உப்புச் சேறு.
அஃபி வேனிலேயே இருந்துகொண்டாள்.
இரவுப் பணி முடித்து நேரே வந்தவள்,
இருக்கையைச் சாய்த்து, சீருடைமேல் கம்பளியை இழுத்துவிட்டு,
"போ, பெல்ட்டைச் சரிசெய்" என்றாள்.
அவ்வளவுதான் வாழ்த்து.

வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள்.

அதிகாரி வோபோரில் வலது கையை உயர்த்தச் சொன்னார்.
பதினோரு வருடம் மாட்டு விலாவிலிருந்து
சதை பிரித்த கை அது;
முழுவதும் நிமிராது.
சொல்வதெல்லாம் உண்மை என்றேன்
சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியபடியே.

பிறந்த தேதி?
மார்ச் பதினான்கு, எழுபத்தொன்பது.

அது புதன்கிழமை. பார்த்துவிட்டேன்.
எங்கள் ஊரில் ஞாயிறன்று பிறந்தவன்தான் கோசி.
புதனில் பிறந்திருந்தால் கொக்கூ ஆகியிருப்பேன்,
வேறொருவனாக வளர்ந்திருப்பேன்.
அப்பா க்பாலிமே சந்தைக்கு வந்த ஒரு புதனில்
எழுத்தரைப் பார்த்துப் பதியச் சொல்ல,
அவர் அன்றைய தேதியையே போட்டுக்கொண்டார்.
பொன் கிடைத்தாலும் கிடைக்காது என்கிற புதன்
எனக்குச் சும்மா கிடைத்தது.
அந்தத் தேதியில்தான் விசா, அதே தேதியில்தான் காப்பீடு,
பல் மருத்துவர் அனுப்பும் பிறந்தநாள் அட்டையும்.

மிக நீளமான ஆறுகளில் ஒன்று?
மிசௌரி. நேற்று அதைத் தாண்டிப் போய்த்தான் பெட்ரோல் போட்டேன்,
அக்கரையில் கொஞ்சம் மலிவு.
சுதந்திர நாள்?
ஜூலை நான்கு.

அது வியாழன்.
எங்கள் பக்கம் பிறந்திருந்தால்
இந்த நாட்டுக்கு யாவோ என்று பெயர்.
ஆனால் பத்தாம் வகுப்பு மகள் சொல்கிறாள்,
பிரிவதென்று முடிவெடுத்தது இரண்டாம் தேதியாம்,
காகிதத்தில் ஏறியது நான்கு.
அங்கேயும் ஓர் எழுத்தர்.

ஆறு சரியானதும் போதும் என்றார்.
"குடிமக்கள் வாக்களிக்கலாம்" என்று எழுதச் சொன்னார்,
எழுதினேன்.

பிறகு அந்த நீள வரிசை.
குடித்தே திரிந்ததுண்டா? இல்லை.
சூதாடிப் பிழைத்ததுண்டா? ஆட்களைக் கடத்தியதுண்டா?
எவரையாவது சித்திரவதை? இல்லை, இல்லை,
சிறையில் காவல்வேலை? இல்லை.
இல்லைகளுக்கு ஒரு தாளம் வந்துவிட்டது,
ஆலையில் கன்வேயர் ஓடுவதுபோல.
கை தானாகவே போகும்.
அப்போதுதான் விரல் போகும்.

அரசு அதிகாரி எவரிடமாவது பொய்த் தகவல் தந்ததுண்டா?

கன்வேயர் நின்றது.

"மேடம், நான் ஞாயிற்றுக்கிழமை."
"இன்று வியாழன்" என்றார்.
இல்லை, நான். என் பெயர்.
சந்தையை, எழுத்தரை, அப்பாவின் அவசரத்தை
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்
தலைகீழ் வரிசையில் சொல்லி முடித்தேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"வேறு தேதி போட்ட சான்று உண்டா?"
பெயர் மட்டும்தான்.
"பெயர் சான்றாகாது" என்றார், கடுமை இல்லாமல்.
திரையைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார்.
"பெயரை மாற்றிக்கொள்ள விருப்பமா?
இப்போதென்றால் தனிக் கட்டணம் இல்லை."

ஒரு கணம் கொக்கூவை நினைத்துப் பார்த்தேன்.
காகிதத்தோடு வழக்கில்லாதவன்.
விரல்கூட நிமிர்ந்திருக்கும் அவனுக்கு.

வேண்டாம் என்றேன்.
இல்லை என்ற கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு குறி.
அடுத்த கேள்விக்குப் போனார்.

வேன் கண்ணாடி மூச்சில் மங்கியிருந்தது.
தட்டினேன்.
கண் திறக்காமலே பூட்டைத் திறந்தாள் அஃபி.
"உறுதிமொழிக்கு ஏப்ரல் ஒன்பது வரச் சொன்னார்கள்."
"என்ன கிழமை?"

பார்க்கவில்லை.

கம்பளியை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்,
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"பெல்ட் எங்கே?"